கீபோர்டை அழுத்தினால் சத்தம் வரவில்லையா?

"சார், வாங்கி ஆறு நாள் ஆகிறது. ஒரு நாள் கூடச் சத்தம் வரவில்லை. நாளைக்குள் கொடுத்தால் கடையில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அதற்கு முன்னால் நீங்கள் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்."

பக்கத்துத் தெருவில் வசிக்கும் நண்பர் ஒரு மாலை வேளையில் இப்படிச் சொல்லி என்னை அழைத்துச் சென்றார். அவருடைய மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறார். இரண்டு ஆண்டுகளாகக் கீபோர்டு வகுப்புக்குப் போகிறார். பள்ளி ஆண்டு விழாவில் பாடப் போகும் பாட்டுக்குத் தானே பின்னணி இசை வாசித்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும் என்று ஆசை. அதற்காக யு.எஸ்.பி. கேபிளில் இணைக்கும் 49 கீகள் கொண்ட மிடி கீபோர்டு ஒன்றை அப்பா வாங்கிக் கொடுத்திருந்தார். நான் போனபோது அந்தக் கீபோர்டின் அட்டைப் பெட்டி, திருப்பிக் கொடுப்பதற்குத் தயாராக மேசைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தோம். பிரச்னை நான்கு இடங்களில் இருந்தது. அவற்றில் ஒன்று கூடக் கீபோர்டுக்குள் இல்லை!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, அதில் இசைப் பதிவு செய்ய நினைக்கும் பலரும் இதே இடங்களில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு வரிசைப்படி சோதித்தால் நீங்களே சரி செய்துவிடலாம். அந்த வரிசையை இங்கு பார்க்கலாம்.

மிடி என்பது சத்தம் அல்ல

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். மிடி கேபிள் வழியாகச் சத்தம் எதுவும் வருவதில்லை. பாட்டு டீச்சர் நோட்டுப் புத்தகத்தில் ஸ்வரம் எழுதிக் கொடுக்கிறார் அல்லவா? அந்த நோட்டு தானாகப் பாடாது. யாராவது அதைப் பார்த்துப் பாட வேண்டும். மிடி அந்த நோட்டைப் போன்றது.

நீங்கள் நடுவில் உள்ள சி கீயை அழுத்தினால், கீபோர்டு மூன்று எண்களை அனுப்புகிறது. எடுத்துக்காட்டாக 144, 60, 100. முதல் எண், முதல் சேனலில் ஒரு கீ அழுத்தப்பட்டது என்று கூறுகிறது. இரண்டாவது எண் எந்தக் கீ என்பதைக் காட்டுகிறது; நடு சி என்றால் 60. மூன்றாவது எண் எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்பது. இதன் அதிகபட்ச மதிப்பு 127. கீயை விட்டவுடன் "விட்டாயிற்று" என்று இன்னொரு செய்தி செல்லும். அவ்வளவுதான். இந்த எண்களைப் பார்த்துப் பியானோ சத்தமாகவோ, வயலின் சத்தமாகவோ மாற்றித் தருவது கம்ப்யூட்டரில் உள்ள சாப்ட்வேர்.

இதனால்தான் மிடி பைல்கள் மிகச் சிறியவையாக உள்ளன. சி.டி. தரத்தில் ஒரு நிமிட ஸ்டீரியோ ஒலி சுமார் 10 எம்.பி. இடத்தை எடுத்துக்கொள்ளும். அதே இசையின் மிடி பைல் சில கே.பி.க்குள் அடங்கிவிடும்.

இந்த முறை 1983ல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவைச் சேர்ந்த டேவ் ஸ்மித்தும், ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கிய இகுதாரோ ககேஹாஷியும் இதற்கு முக்கியக் காரணமானவர்கள். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ள வேண்டும் என்பதே நோக்கம். 2020ல் மிடி 2.0 வெளியானது. ஆனாலும் வீடுகளில் பயன்படும் பெரும்பாலான கீபோர்டுகள் அந்தப் பழைய மொழியையே இன்றும் பேசுகின்றன.

நண்பர் வாங்கியது போன்ற மிடி கீபோர்டுகளில் ஸ்பீக்கரே இருக்காது. "லைட் எரிகிறது, ஆனால் சத்தம் வரவில்லை" என்பது இவற்றில் பழுது அல்ல, இயல்பு. இதைச் சொன்னதும் நண்பர் மகளைப் பார்த்தார். மகள் அட்டைப் பெட்டியைப் பார்த்தார்.

மாடியில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை என்றால் என்ன செய்வோம்? மோட்டார், டேங்க், வால்வு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இங்கும் அப்படியே. கீபோர்டில் தொடங்கி, காது வரை ஒவ்வொரு இடமாகச் செல்வோம். ஒரு இடம் சரி என்று உறுதியான பிறகே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். கண்டதை எல்லாம் ஒரே நேரத்தில் மாற்றினால் எது சரி செய்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் போய்விடும்.

முதல் இடம்: கேபிள்

பல மிடி கீபோர்டுகளில் பிரிண்டரில் உள்ளது போன்ற சதுர வடிவ யு.எஸ்.பி. சாக்கெட் இருக்கும். உங்களிடம் பிரிண்டர் கேபிள் இருந்தால் அதையே மாற்றிச் சொருகிச் சோதிக்கலாம். சிறிய கீபோர்டுகளில் மொபைல் போன் கேபிள் பொருந்தும் சாக்கெட் இருக்கலாம். இங்கு கவனம் தேவை. சில மொபைல் கேபிள்கள் சார்ஜ் செய்வதற்கு மட்டுமே ஆனவை. அவற்றில் டேட்டா செல்வதற்கான கம்பிகள் இருக்காது. கீபோர்டில் லைட் எரியும். கம்ப்யூட்டருக்கு எந்தத் தகவலும் வராது. போனிலிருந்து போட்டோக்களைக் காப்பி செய்யப் பயன்படும் கேபிள் என்றால் நம்பலாம்.

கீபோர்டை யு.எஸ்.பி. ஹப்பில் இணைத்திருந்தால், எடுத்து நேரடியாகக் கம்ப்யூட்டரில் இணைத்துப் பாருங்கள்.

பழைய கீபோர்டுகளில் வட்ட வடிவில் 5 பின் கொண்ட மிடி சாக்கெட்டுகள் இருக்கும். இதற்குத் தனி யு.எஸ்.பி. மிடி கேபிள் தேவை. கீபோர்டின் அவுட் சாக்கெட்டிலிருந்து கம்ப்யூட்டர் பக்கத்தின் இன் சாக்கெட்டுக்குச் செல்ல வேண்டும். கேபிள் முனையில் "இன்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து, அதைக் கீபோர்டின் இன் சாக்கெட்டிலேயே சொருகிவிடுவது பலரும் செய்யும் தவறு. சந்தேகம் இருந்தால் இரண்டு முனைகளையும் மாற்றிச் சொருகிப் பாருங்கள். எதுவும் கெட்டுப்போகாது.

இரண்டாவது இடம்: விண்டோஸ்

ஸ்டார்ட் பட்டன் மீது ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் தேர்ந்தெடுங்கள். அங்கு "சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கண்ட்ரோலர்ஸ்" என்ற பிரிவை விரியுங்கள். கீபோர்டின் பெயரோ அல்லது "யு.எஸ்.பி. ஆடியோ டிவைஸ்" என்ற பெயரோ இருக்க வேண்டும். கேபிளைக் கழற்றினால் அந்தப் பெயர் மறைந்து, சொருகினால் மீண்டும் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அதுதான் உங்கள் கீபோர்டு. இன்றைய கீபோர்டுகளில் பலவற்றுக்குத் தனி டிரைவர் தேவையில்லை. மஞ்சள் நிற ஆச்சரியக்குறி தெரிந்தால் மட்டும் தயாரிப்பாளரின் இணைய தளத்திலிருந்து டிரைவரை டவுன்லோட் செய்து பதிந்துகொள்ளுங்கள்.

நண்பர் வீட்டில் பெயர் சரியாகவே இருந்தது. எனவே கேபிளும் சரி, விண்டோஸும் சரி.

மூன்றாவது இடம்: எண்கள் வருகின்றனவா?

இப்போது கீபோர்டு உண்மையிலேயே எண்களை அனுப்புகிறதா என்று கண்ணால் பார்க்கலாம். இதற்கு மிடி ஆக்ஸ் என்ற சிறிய புரோகிராம் உதவும். தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம். பதிந்தவுடன் ஆப்ஷன்ஸ் மெனுவில் மிடி டிவைசஸ் என்பதைத் திறந்து, இன்புட் பகுதியில் உங்கள் கீபோர்டின் பெயரைத் தேர்ந்தெடுத்து ஓகே கிளிக் செய்திடுங்கள். பின்னர் வியூ மெனுவிலிருந்து இன்புட் மானிட்டரைத் திறந்துகொள்ளுங்கள். கீயை அழுத்த அழுத்த வரிகள் ஓட வேண்டும். ஓடினால் கீபோர்டில் பழுது இல்லை. கடைக்குப் போக வேண்டாம்!

நாங்கள் இதைச் செய்தபோது வரிகள் ஓடவில்லை. கீபோர்டைத் திறக்க முடியவில்லை என்று பிழைச் செய்தி வந்தது. நண்பர் முகம் வாடிவிட்டது. ஆனால் இது நல்ல தடயம். வேறு ஏதோ ஒரு புரோகிராம் கீபோர்டைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள்.

டாஸ்க் பாரைப் பார்த்தோம். வாசிக்கப் பழகுவதற்கான ஒரு புரோகிராமை மகள் காலையில் திறந்துவிட்டு, மினிமைஸ் செய்து வைத்திருந்தார். விண்டோஸில் பல மிடி டிரைவர்கள் ஒரு நேரத்தில் ஒரு புரோகிராமுக்கு மட்டுமே இடம் கொடுக்கும். அதை மூடிய பின் மீண்டும் முயன்றோம். கீயைத் தொட்டதும் வரிகள் மளமளவென்று ஓடத் தொடங்கின. முதல் தவறு கிடைத்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. சோதனை முடிந்ததும் மிடி ஆக்ஸையும் மூடிவிடுங்கள். இல்லையென்றால் அதுவே உங்கள் இசைப் பதிவு சாப்ட்வேருக்கு இடைஞ்சலாக நிற்கும். வேறு எந்த மிடி புரோகிராமும் திறந்திருக்கக் கூடாது. பிரவுசரில் மிடி பயன்படுத்தும் தளம் திறந்திருந்தால் அதையும் மூடுங்கள். கீபோர்டைச் சொருகிய பிறகே பதிவு சாப்ட்வேரைத் திறப்பது நல்ல பழக்கம்.

நான்காவது இடம்: பதிவு சாப்ட்வேர்

முதலில் உங்கள் சாப்ட்வேர் மிடி பதிவுக்கு ஏற்றதா என்று பாருங்கள். ஆடாசிட்டி குரல் போன்ற ஒலியைப் பதிவு செய்ய நல்ல இலவசப் புரோகிராம். ஆனால் மிடி கீபோர்டு வாசிப்பைப் பதிவு செய்ய அது ஏற்றதல்ல. அதற்கு எல்.எம்.எம்.எஸ்., ரீப்பர், மேக் கம்ப்யூட்டர் என்றால் கராஜ்பேண்ட் போன்றவை வேண்டும். எல்.எம்.எம்.எஸ். இலவசம். ரீப்பரை 60 நாட்கள் சோதித்துப் பார்த்துவிட்டுப் பின்னர் பணம் கட்டலாம்.

இங்கு ரீப்பரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். மற்றவற்றிலும் பெயர்கள் சற்று மாறுமே தவிர, வேலை ஒன்றுதான்.

1. ஆப்ஷன்ஸ் மெனுவில் பிரிபரன்சஸ் செல்லுங்கள். இடது பக்கம் மிடி என்று தொடங்கும் பிரிவைக் கிளிக் செய்தால் கீபோர்டின் பெயர் தெரியும். அது செயல்படாத நிலையில் இருந்தால் எனேபிள் செய்து ஓகே கொடுங்கள்.

2. டிராக் மெனுவில் "இன்சர்ட் விர்ச்சுவல் இன்ஸ்ட்ருமென்ட் ஆன் நியூ டிராக்" என்பதைக் கிளிக் செய்திடுங்கள். வரும் பட்டியலில் ரீப்பருடன் வரும் ரீசிந்த் என்பதைத் தேர்ந்தெடுங்கள். எளிமையான சத்தம்தான், சோதனைக்குப் போதும்.

3. அந்த டிராக்கில் உள்ள வட்ட வடிவ ரெகார்ட் பட்டனை அழுத்திச் சிவப்பாக மாற்றுங்கள். இதற்கு ஆர்ம் செய்வது என்று பெயர்.

4. டிராக்கின் இன்புட் என்ற இடத்தில் மிடி, ஆல் மிடி இன்புட்ஸ், ஆல் சேனல்ஸ் என்று தேர்ந்தெடுங்கள்.

5. ரெகார்ட் மானிட்டரிங் ஆன் நிலையில் இருக்க வேண்டும். இது இல்லாவிட்டால், நீங்கள் வாசிப்பது பதிவாகும். ஆனால் வாசிக்கும்போது காதில் கேட்காது.

இப்போது வாசித்துப் பாருங்கள். டிராக்கின் மீட்டர் அசைய வேண்டும்.

நண்பரின் மகள் இரண்டு தவறுகளை இங்கு செய்திருந்தார். டிராக்கின் இன்புட் மிடிக்குப் பதிலாக மைக்கில் இருந்தது. அத்துடன், டிராக்கில் இசைக்கருவி எதுவும் சேர்க்கப்படவில்லை. அதாவது ஸ்வர நோட்டு இருக்கிறது. பாடத்தான் ஆள் இல்லை. இரண்டையும் சரி செய்து கீயை அழுத்தியதும் லேப்டாப் ஸ்பீக்கரில் சத்தம் வந்தது. நண்பர் அட்டைப் பெட்டியை எடுத்துப் பரண் மேல் வைத்துவிட்டார்.

மீட்டர் அசைகிறது, ஆனால் சத்தம் இல்லை என்றால் ஒலி வேறு எங்கோ போகிறது. பிரிபரன்சஸில் ஆடியோ, டிவைஸ் என்ற பகுதியில் சரியான ஸ்பீக்கர் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். எச்.டி.எம்.ஐ. கேபிளில் மானிட்டர் இணைத்திருந்தால், ஸ்பீக்கர் இல்லாத அந்த மானிட்டருக்கு ஒலி போய்க்கொண்டிருக்கலாம். சில கீபோர்டுகள் சவுண்ட் கார்டாகவும் செயல்படும். சொருகியவுடன் விண்டோஸ் ஒலியை அந்தப் பக்கம் திருப்பிவிடுவதும் உண்டு.

ஐந்தாவது இடம்: தாமதம்

இனிதான் முக்கியமான கட்டம். சத்தம் வந்துவிட்டது என்று நான் கிளம்பத் தயாரானேன். மகள் மெதுவாகச் சொன்னார்: "அங்கிள், எனக்குத் தாளமே சரியா வராது போல. ரெகார்ட் பண்ணிக் கேட்டால் எல்லாமே பின்னாடி போகுது. கிளாஸ்ல சரியா வாசிக்கிறேன். இங்கே வரலை."

வாசிக்கச் சொன்னேன். அவர் காதில் ஒயர் இல்லாத புளூடூத் இயர்போனை மாட்டிக்கொண்டு வாசித்தார். நான்காவது தவறு அங்கே இருந்தது.

கீயை அழுத்தும் நேரத்திற்கும், சத்தம் காதில் விழும் நேரத்திற்கும் இடையே உள்ள தாமதத்தை லேடன்சி என்பார்கள். மிடி எண்கள் வந்து சேர ஆகும் நேரம் மிகக் குறைவு. பழைய 5 பின் கேபிளில் கூட நொடிக்கு 31,250 பிட் வேகத்தில், ஒரு கீ அழுத்தலுக்கு ஏறத்தாழ 1 மில்லி செகண்டுதான் ஆகும். தாமதம் பெரும்பாலும் ஒலியாக மாறி வெளியே வரும் பக்கத்தில்தான் ஏற்படுகிறது.

கம்ப்யூட்டர் ஒலியை ஒரு சிறிய தொட்டியில் நிரப்பி நிரப்பி வெளியே அனுப்புகிறது. இதற்கு பபர் என்று பெயர். தொட்டி பெரிதாக இருந்தால் நிரம்ப நேரமாகும். நொடிக்கு 44,100 சாம்பிள் என்ற கணக்கில் பாருங்கள்:

பபர் 2048 என்றால் சுமார் 46 மில்லி செகண்ட்.
பபர் 512 என்றால் சுமார் 12 மில்லி செகண்ட்.
பபர் 128 என்றால் சுமார் 3 மில்லி செகண்ட்.

காற்றில் ஒலி 1 மீட்டர் செல்லவே ஏறத்தாழ 3 மில்லி செகண்ட் ஆகும். எனவே 10 மில்லி செகண்ட் தாமதம் என்பது, மூன்றரை மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கரைக் கேட்பது போல. பெரும்பாலானவர்களுக்கு இது தொந்தரவாக இருக்காது. 40, 50 என்று போனால் விரலும் காதும் தனித்தனியாக நிற்பது தெரியும்.

ரீப்பரில் ஆடியோ டிவைஸ் பகுதியில் பபர் அளவைக் குறைக்கலாம். 256ல் தொடங்குங்கள். ஒலி கரகரத்தால் ஒரு படி கூட்டுங்கள். சவுண்ட் கார்டுடன் ஏஸியோ டிரைவர் வந்திருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் விண்டோஸில் உள்ள வசாபி முறையையோ, ஏஸியோ4ஆல் என்ற இலவச டிரைவரையோ முயன்று பார்க்கலாம். மைக்ரோசாப்ட் ஜி.எஸ். வேவ்டேபிள் சிந்த் என்று ஒன்று பட்டியலில் தெரியும். மிடி பைல்களைக் கேட்க அது போதும். நேரடியாக வாசிக்க அதன் தாமதம் ஒத்துவராது.

ஆனால் பபரை எவ்வளவு குறைத்தாலும் புளூடூத் தாமதம் குறையாது. ஒலியைச் சுருக்கி, அனுப்பி, மறுபடி விரித்துத் தருவதற்குள் 100 மில்லி செகண்டுக்கும் மேல் கடந்துவிடுவது சாதாரணம். பாட்டு கேட்கும்போது இது தெரியாது, வாசிக்கும்போது தெரியும். மெட்ரோனோம் தாளமே அந்தப் பெண்ணுக்குத் தாமதமாகத்தான் காதில் விழுந்தது. அதற்குச் சரியாக அவர் வாசித்தார். கம்ப்யூட்டரோ தன் கடிகாரப்படி "தாமதம்" என்று பதிவு செய்தது.

பழைய மொபைலுடன் வந்த ஒயர் இயர்போன் ஒன்றைத் தேடி எடுத்து மாட்டினோம். பபர் 256. அதே பகுதியை மீண்டும் வாசித்துப் பதிவு செய்தார். திரையில் ஸ்வரங்கள் தாளக் கோடுகளின் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஆறு நாட்களாகத் தன் கையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தவர், எதுவும் பேசாமல் பாட்டை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.

மற்ற சில தொல்லைகள்

ஒரு கீயின் சத்தம் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருந்தால், "விட்டாயிற்று" என்ற செய்தி வந்து சேரவில்லை என்று பொருள். அதே கீயை இன்னொரு முறை அழுத்தி விடுங்கள். நிற்காவிட்டால் சாப்ட்வேரில் ஆல் நோட்ஸ் ஆப் அல்லது பேனிக் என்ற கட்டளையைத் தேடிக் கிளிக் செய்திடுங்கள்.

பெடலை மிதிக்காதபோது சத்தம் நீண்டு, மிதித்தால் நின்றால், கீபோர்டை ஆப் செய்து, பெடலைச் சொருகிவிட்டு, அதை மிதிக்காமல் மீண்டும் ஆன் செய்திடுங்கள். பல கீபோர்டுகள் ஆன் ஆகும் நேரத்தில்தான் பெடலின் வகையை அறிந்துகொள்கின்றன.

சொந்த ஸ்பீக்கர் உள்ள கீபோர்டில் ஒவ்வொரு கீயும் இரண்டு முறை ஒலித்தால், கீபோர்டும் சாப்ட்வேரும் சேர்ந்து ஒலிக்கின்றன. கீபோர்டின் மெனுவில் லோக்கல் கண்ட்ரோல் என்பதை ஆப் செய்திடுங்கள். அல்லது அதன் வால்யூமைக் குறையுங்கள்.

சில கீகள் மட்டும் ஒலிக்காவிட்டால், ஆக்டேவ் பட்டன் தவறுதலாக அழுத்தப்பட்டிருக்கலாம். தேர்ந்தெடுத்த இசைக்கருவிக்கு அந்த உயரத்தில் ஸ்வரம் இருக்காது. ஆக்டேவைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள்.

இந்த வரிசையை ஒரு தாளில் எழுதிக் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்: கேபிள், விண்டோஸ், மிடி ஆக்ஸ், டிராக் இன்புட், இசைக்கருவி, ஸ்பீக்கர், தாமதம். கீபோர்டைக் கடைக்குத் திருப்பி எடுத்துச் செல்வதற்கு முன்னால், "என் கை சரியில்லை" என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், ஒரு முறை இந்தப் பட்டியலை மேலிருந்து கீழ் வரை பார்த்துவிடுங்கள்.